நீலமாகிப் போன இடம்

வடதுருவத்தில் பனிக்கட்டி மேல் முகாம் போட்டிருந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சமைக்கப் போயிருந்தார் இன்னாசி. அவர் நின்ற இடம், தூத்துக்குடியில் அவர் வீட்டுச் சுவர்த்திரை காட்டும் வரைபடத்தில் காலையிலிருந்து நீலமாகத் தெரிந்தது. வெள்ளை என்றால் பனிக்கட்டி, நீலம் என்றால் கடல். திரை தானாகவே சொந்தக்காரர்களுக்கெல்லாம் துக்கச் செய்தி அனுப்பிவிட்டது. அவர் தங்கை பிளாரன்ஸ் மெழுகுவத்தி ஏற்றி வைத்த நேரத்தில்தான் போன் அடித்தது. மனைவி ஜெனோவா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி ஜெனோவா, நான்தான்.”

“ஐயோ, கடலுக்குள்ள போயிட்டியன்னு திரை சொல்லுதே!”

“இங்க நல்ல வெயிலு. உருகுன தண்ணி ஐஸ் மேல கணுக்கால் அளவு கட்டி நிக்கி. மேல இருந்து பாக்குற சாட்டிலைட்டுக்கு அது கடலாத் தெரியுது. அடியில கல்லு மாரி இருக்கு.”

“ஒருக்க குதிங்க, கேக்கட்டும்.”

“கூட இருக்கவங்க சிரிக்கப் போறாவ.”

“சிரிக்கட்டும். குதிங்க!”

தண்ணீர் சிதறியது. அதற்கடியில் ‘தொம்’மென்று கெட்டியாக ஒரு சத்தம் கேட்டது.

“இன்னொருக்க.”

மறுபடியும் தொம்.

“அண்ணன் எடை கூடிட்டாரு மைனி,” என்று சொல்லி மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள் பிளாரன்ஸ்.

ஜெனோவா அழுதுகொண்டே சிரித்தாள். இன்னும் நீலமாகவே இருந்த திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, துக்கம் கேட்க வந்து வாசலில் நின்றவர்களுக்குக் காப்பி போடப் போனாள்.