நடுச்சுவர்

நடுச்சுவரில் ஆணி இறங்கும் சத்தம் கேட்டு, மதிவாணன் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் போனான்.

சிங்காரவேல் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். தேங்காய் நார் திணித்துத் தைத்த கோணிகளை நடுச்சுவர் முழுக்க அறைந்துகொண்டிருந்தார். பண்ருட்டியிலிருந்து மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்த நார். கூடமெல்லாம் தூசி.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவன் ஒருவன்தான். மனைவி அன்புக்கரசி போன பிறகு டிவிகூடப் போடுவதில்லை.

தூக்கத்தில் கத்துகிறேனோ?

“என் சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா?”

சிங்காரவேல் வாயில் ஆணிகளோடு மனைவியைப் பார்த்தார்.

“உன் வூட்ல ஏது தம்பி சத்தம்?” என்றாள் கஸ்தூரியம்மாள். “குக்கர் விசில்கூட வர்றதில்ல. இருக்கியா, எங்கியாவது போயிட்டியான்னு நாங்கதான் காத வச்சிகினு இருக்கோம்.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தூசிக்கா வேறு எதற்கா, தெரியவில்லை.

“எங்க மவ மலருக்கு இன்னிக்கு டிஸ்சார்ஜ். புள்ளையோட வரா. அது அழுவுறது உனக்குக் கேட்டா...”



மதிவாணன் கோணியைத் தொட்டுப் பார்த்தான். சிவில் படித்தவன். நார் உறிஞ்சுவது அறைக்குள் சுற்றும் எதிரொலியைத்தான். சுவரைத் தாண்டும் சத்தத்துக்கு இது எந்த மூலைக்கு?

சொல்லத்தான் வாயெடுத்தான். பிறகு கீழே கிடந்த ஆணியைப் பொறுக்கி சிங்காரவேல் கையில் கொடுத்தான்.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்டது. நாரையும் செங்கல்லையும் தாண்டி, பக்கத்தில் படுத்து அழுவதுபோலக் கேட்டது.

எழுந்து எங்காவது போவதா, இருப்பதா, அவனுக்குப் புரியவில்லை. உட்கார்ந்தே இருந்தான்.

பிரசவ அறைக்கு வெளியே அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது இந்த ஒரு சத்தத்துக்குத்தான். கடைசிவரை அது வரவில்லை. அன்புக்கரசியும் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கஸ்தூரியம்மாளின் குரல், பயந்து பயந்து.

“தம்பி, ஏதாச்சும் கேக்குதா?”

குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமே கேக்கலைங்க.”