அசன அடுப்பு

"இந்த வருஷம் அசனம் வேண்டாம்னு சொல்லுதேன்..."

"அடுப்பு வெட்டியாச்சு, போதகர் ஐயா."

"கேளுங்க கனகமணியம்மா, புகையைக் கண்டாலே பிள்ளைங்க அலறுது!"

"அலறட்டும். அழுது முடிச்சா பசிக்கும்லா?"

காட்டுத்தீ பாதி ஊரைத் தின்றுவிட்டுப் போனதிலிருந்து யாரும் அடுப்பு மூட்டவில்லை. வெளியூர்ப் பொட்டலச் சோறுதான். கோயில் பண்டிகைக்கு ஊரே ஒரே பந்தியில் உண்ணும் அசனத்துக்குப் போதகர்தான் ஜெபித்து முதல் தீ வைக்க வேண்டும். அவரோ தீப்பெட்டியைத் தொடவே இல்லை. கனகமணி கரிந்த மரமொன்றை இழுத்து வந்து அடுப்பில் திணித்தாள்.

"இது உங்க வீட்டு உத்தரமில்லா?"

"வீடுதான் போச்சே. பாதி எரிஞ்சது, மீதி எரியமாட்டேன்னா சொல்லும்?"

சுற்றிலும் பெண்கள் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். போதகர் கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். மழைக்காக, மலைக்காக, ஆடுமாடுகளுக்காக ஜெபித்தார். ஆட்சியாளர்களுக்காக, அயல்நாட்டு ஊழியர்களுக்காகவும் ஜெபித்தார். முடிக்கிற வழியாக இல்லை. கனகமணி தீப்பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து, கூப்பியிருந்த அவர் விரல்களுக்கிடையே செருகினாள்.

"ஆமென். இனி உரசுங்க, ஐயா."