எண்ணூர் தாண்டினால்தான்

விமான நிலைய உணவகத்தின் கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசையில், மடியில் புளிசாத டப்பாவோடு ரமாபாய் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கணவர் பீம்ராவ் பசியோடு டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வியாசர்பாடியிலிருந்து நாக்பூருக்கு வருஷாவருஷம் ரயிலில்தான் போவார்கள். வண்டி ஊர் எல்லையில் இருக்கிற எண்ணூரைத் தாண்டினால்தான் அவள் டப்பாவைத் திறப்பாள். இந்த வருஷம் மகள் மகிழினி விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறாள். அம்மாவின் சட்டம் மட்டும் மாறவில்லை. "மேல போனா எண்ணூரு எங்கம்மா வரும்? இங்கயே துன்னுடலாம்," என்கிறாள் மகிழினி. "நின்ன எடத்துல துன்றதுக்கு வூட்லயே துன்னுட்டு வந்திருக்கலாமே," என்கிறாள் ரமாபாய். வாங்கிய காப்பி மூன்றும் ஆறி ஆடை கட்டிவிட்டன. டப்பா மூடியின் இடுக்கில் கசியும் நல்லெண்ணெய் வாசம் பக்கத்து மேசைக்காரரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அப்போது கண்ணாடிக்கு வெளியே, மதிய வெயிலை மறைத்து நின்ற வெள்ளை விமானம் சத்தமில்லாமல் ஒரு பக்கமாக நகரத் தொடங்குகிறது. ஜன்னல் ஜன்னலாக அது போகப் போக, மேசையும் காப்பியும் மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நகர்வதுபோல் இருக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கிற ரயில் நகரும்போது வருமே, அதே மயக்கம். ரமாபாய் சட்டென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். பீம்ராவ் அதைக் கவனித்துவிடுகிறார். "வண்டி கெளம்பிடுச்சி ரமா," என்கிறார், முகத்தில் சிரிப்பே காட்டாமல். அவள் வெளியே பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். விமானத்தின் வால் கண்ணாடியை விட்டு மறைகிறவரை பொறுமையாக இருக்கிறாள். மேசைமேல் மறுபடியும் வெயில் விழுகிறது. "எண்ணூரு தாண்டிடுச்சி," என்று டப்பாவைத் திறக்கிறாள். "தட்ட எடுய்யா."