நாலரை முதல் ஆறு வரை

“அடடா, ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சே” என்றார் அவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

வருத்தம் சரியான அளவில் விழுந்தது. காலையில் குளியலறையில் நாலு முறை ஒத்திகை பார்த்தது.

பெண் பார்க்க வந்த பையனின் அம்மா, எழுந்திருக்கப் போனவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆமாண்ணே, ஞாயித்துக்கிழமை நாலரை ஆறாச்சே. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துலேர்ந்து இப்பக் கெளம்பக் கூடாது. உக்காருடா தணிகா.”

தணிகா முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இனி ஆறு மணி வரை அவன் நகர முடியாது.

நாலரைக்கு மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. கால்வாய்க்கரை அணியின் அந்தப் பேர்போன இடது கால், இதோ, அவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. கால்காரன் கையில் கேசரித் தட்டு.

பன்னிரண்டு வருடமாக மேட்டுத்தெரு அணி கால்வாய்க்கரையிடம் தோற்கிறது. பன்னிரண்டு வருடமும் அவர் வெயிலில் நின்று மேட்டுத்தெருவுக்காகக் கத்தியிருக்கிறார். போன வருடம் கோச்சுக்கு எட்டுப் பக்கம் யோசனை எழுதிக் கொடுத்தார். கோச் அதை மடித்து பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். அதன்பிறகு பெஞ்ச் ஆடவில்லை. யோசனை அந்த மட்டில் பலித்தது.

கடைசி நாலு தோல்வியும் இந்த ஒரு காலால் வந்தவை. அதைத் தடுக்க மேட்டுத்தெருவில் ஆளில்லை.

எனவே கல்யாணத் தரகரைப் பிடித்தார்.

ஞாயிறு மூன்றரைக்குப் பெண் பார்க்க வரட்டும், இதை விட்டால் தை வரை நாளில்லை என்று வாயாலேயே ஒரு பஞ்சாங்கம் எழுதினார். மகள் கல்யாணத்தில் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் லேசாக உறுத்தியது. ஒரு மாலைதானே. நாளைக்கே ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பையன் நாலேகாலுக்குக் கிளம்பிவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

காலையில் ஸ்டூல் மேல் ஏறிக் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது மகள். பேட்டரி மாற்றுவதாக அவளிடம் சொன்னார்.

ஆயுளில் ராகு காலம் பார்த்தவரில்லை அவர். தன் கல்யாணத்தையே பார்க்காமல்தான் செய்துகொண்டார்.

எல்லாம் பிசகாமல் நடந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக.

பையனாவது கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்து தொலைத்திருக்கலாம்.

செருப்பை ஓரமாக விட்டான். என்ன வேலை என்றதற்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன் சார், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்று உள்ளதைச் சொன்னான். மேட்டுத்தெரு கோல்கீப்பர் அருமையான ஆட்டக்காரர், உயரம்தான் கொஞ்சம் குறைச்சல் என்றான். பன்னிரண்டு வருடமாக இவரும் அதையேதான் சொல்கிறார். எவன் கேட்டான்.

மூன்று தெரு தள்ளி மைதானத்தில் மேளம் ஆரம்பித்தது.

நாற்காலிக்கு அடியில் இடது கால் மெல்ல அசைந்தது. பந்தில்லாமல்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதில் ஒட்டடை.

மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்றாவது முறை. யாரும் கேட்கவில்லை.

இதற்கு முன் பார்க்க வந்த நாலு பேருக்கு அவள் காபியைக்கூட அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள்.

சொம்பை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

ஏதாவது சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஒரு அதட்டல் போட்டிருப்பார்.

மேளம் நின்றது. அணிகள் வரிசையில் நிற்கப் போகிற நேரம்.

சட்டைக்குள் மேட்டுத்தெருவின் மஞ்சள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வருடம்.

“இந்தக் கடிகாரம்…” என்றார். இதற்கு ஒத்திகை இல்லை. “இருபது நிமிஷம் ஃபாஸ்ட்டு. இன்னும் நாலரை ஆகல. இப்ப எழுந்தா ராகு காலத்துக்கு முன்னாடியே வாசலைத் தாண்டிடலாம்.”

“முருகா” என்று பையனின் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள்.

அவன் பதறவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினான். கைக்கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு.

“தெரியும் மாமா. வந்து உட்கார்ந்ததுமே பார்த்தேன்.”

அதுவரை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சமையலறைப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மனைவி அப்படிச் சிரிப்பதில்லை.

அவரே ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினார். பூட்ஸ் பையோடு அவன் பின்னால் ஏறிக்கொண்டான். எதிரணியின் இடது காலைச் சொந்தப் பெட்ரோலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரசிகன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பவில்லை.

இறங்கி உதைத்தார். மறுபடி உதைத்தார். ஆறு உதை. ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கியது.

இது அவர் போட்ட திட்டமில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இன்றைக்கு அதை எந்த முகத்தோடு சொல்வது?

ஜன்னலில் மகள் நின்றிருந்தாள்.

“நகருங்க மாமா.”

அவர் ஒதுங்கி நின்றார்.

இடது கால்.

ஒரே உதை.