பூவரசம் பீப்பி

குளக்கரைப் பூவரசில் செவந்தி ஓர் இலையைப் பறித்தாள். அதைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, வாயில் வைத்து ஊதினாள். பீப்பி கத்தியது. ஊதி அலுத்ததும் மரத்தடியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அம்மா, நான்தான்" என்றது பீப்பி, செவந்தியின் குரலில்.

மரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என் பிள்ளைகளுக்குச் சலசலக்கத்தானே தெரியும்?"

"அவள் மூச்சு கொஞ்சம் எனக்குள் தங்கிவிட்டது அம்மா. என்ன வெதுவெதுப்பு! வெயிலெல்லாம் இதற்கு ஈடாகாது."

"மெதுவாகப் பேசு, மேலே இருப்பவர்கள் காதில் விழும்!" என்று மரம் அதட்டியது. அதற்குள் கிளையிலிருந்த இலைகளின் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் செவந்தி வந்தபோது துளிக் காற்றில்லை. மரத்திலிருந்த அத்தனை இலைகளும் தாமாகவே சுருண்டு, முனையை நசுக்கிக்கொண்டு, அவள் வாய்க்கு எட்டும்படி தாழ்ந்து வந்திருந்தன.

"அட, சுருட்டக்கூட வேண்டாம் போலிருக்கே!" என்று சிரித்தாள் அவள்.

ஓடிவிடு என்று அவளுக்குச் சொல்ல மரம் தவித்தது. சலசலக்க அதனிடம் விரிந்த இலை ஒன்றுகூட மிச்சமில்லை.

செவந்தி முதல் இலையை உதட்டில் வைத்து ஊதினாள்.

"இன்னும்" என்றது இலை, அவள் குரலில். உதட்டை அது விடவில்லை.