ஒரு பைசா வரலை

பூவராகவனை முதலில் ஏமாற்றியவன் மச்சினன் வேலாயுதம். தன் ஊர் தாமலில் நிலத்துக்குப் போர் போடுகிறேன் என்று அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு போனான். போரில் தண்ணீர் வரவில்லை. பதினொரு வருடம் ஆகியும் பணமும் வரவில்லை.

அன்றிலிருந்து பூவராகவன் தாமல் பக்கம் ஆட்டோவைத் திருப்பியதில்லை. சவாரி வந்தால்கூட வேறு ஆளைக் கைகாட்டிவிடுவார். மனைவி பொன்னியம்மாளும் பிறந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவதாக ஏமாற்றியவள் அந்தப் பொன்னியம்மாளேதான். அது இன்று காலையில்தான் தெரிந்தது.

ஏகாம்பரநாதர் கோயில் ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பேங்கு ஆள் ஒருவன் பைக்கில் வந்து முழுக் கணக்கும் அச்சடித்த காகிதத்தை நீட்டினான்.

"உங்க வொய்ஃபோட கிரெடிட் கார்டு பாக்கி சார். முப்பத்தஞ்சாயிரம் ஆயிடுச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேன்றாங்க."

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பொன்னியம்மாளுக்குப் பட்டுக்கடையில் வேலை. வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளை மடித்து அடுக்க வேண்டும். சாப்பிட வந்தவள், கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாடி?"

காகிதத்தைப் பார்த்தாள். "கார்டு பில்லு."

"யாரைக் கேட்டு கார்டு வாங்கினே?"

"கடையில எல்லாருக்கும் குடுத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க."

"முப்பத்தஞ்சாயிரம்! இன்னாத்த வாங்கினே? ஊட்ல ஒரு புது டம்ளர்கூடக் காணோமே."

அவள் துண்டின் ஓரங்களைச் சேர்த்து நீவினாள்.

"உன் தம்பிக்குத்தானே குடுத்தே?"

"அவனுக்கு ஒண்ணும் குடுக்கலை."

"பொய்யி. தாமல் ஏரித் தண்ணி குடிச்சவங்க புத்தியே இதுதான்."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீயும் அந்தத் தண்ணியத்தான் ரெண்டு சொம்பு குடிச்சே."

"வாய் இருக்குதே வாய்! புருஷனுக்குத் தெரியாம பணத்துல மறைக்கிறவ, அப்புறம் எதைத்தான் மறைக்க மாட்டா?"

பொன்னியம்மாள் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அதை உடு. ஞாயித்துக்கெழமை தம்பி பொண்ணு ஜீவிதாவுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளத்த பொண்ணு. அத்தை எங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. ஒரு நாள் போய்ட்டு வந்துடறேன்யா."

"உன் தம்பி பணத்தைக் குடுக்கட்டும். போ."

"மாசம் மூவாயிரமாவது குடுக்க ஆரம்பிச்சான்னா போலாம்னு நீதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன். குடுத்தானா? ஒரு பைசா வரலை."

"வரலையா?"

"வரலை."

"நல்லா ரோசனை பண்ணி சொல்லுயா."

"வரலைன்னா வரலை! எத்தினி வாட்டி சொல்றது?"

சொல்லும்போது பூவராகவனின் பார்வை வாசலில் நின்ற ஆட்டோவுக்குப் போய்த் திரும்பியது.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. டயருக்குக் கொடுத்த இரண்டாயிரம் போக, அதில் இருபத்தெட்டாயிரம் இருந்தது. பத்து மாதமாகப் பட்டுக்கடை கேஷியர் கிறிஸ்டோபர் ஸ்டாண்டுக்கு வந்து, "உங்க மச்சினன் குடுத்துட்டுப் போனாருண்ணா" என்று மூவாயிரம் மூவாயிரமாகக் கொடுத்த பணம்.

வேலாயுதத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பதினொரு வருடம் பேசாதவர் இதற்காகவா பேசுவார்? வாங்கி டப்பாவில் போட்டார். பொன்னியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே தாமலுக்குப் பஸ் ஏறிவிடுவாள். முழுதாக வரட்டும், பார்க்கலாம் என்று இருந்தார். தன் பணம் தனக்கு வருகிறது. இதில் பொய் எங்கே வந்தது?

"அந்தக் கதை இருக்கட்டும்" என்றார் சத்தமாக. "இந்த முப்பத்தஞ்சாயிரம் எங்க போச்சு, சொல்லு."

"அதான் கையில வெச்சினு இருக்கியே. இங்கிலீஷ் தெரியாட்டியும் நம்பர் தெரியும் இல்ல? பாரு."

பார்த்தார். மேலிருந்து கீழாக விரலை வைத்துக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் தேதி, மூவாயிரம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி, மூவாயிரம். அதற்கடுத்த மாதமும் ஐந்தாம் தேதி, அதே மூவாயிரம். மொத்தம் பத்து வரி. மீதியெல்லாம் வட்டியும் அபராதமும்.

கிறிஸ்டோபர் ஸ்டாண்டுக்கு வருவதும் ஐந்தாம் தேதிதான்.

விரல் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

"கடை மிஷின்ல கார்டைத் தேச்சா கிறிஸ்டோபர் காசாக் குடுப்பான்" என்றாள் பொன்னியம்மாள். "அப்படியே அவன் கையிலயே குடுத்தனுப்பிடுவேன். தம்பி குடுத்தான்னு சொல்லுப்பான்னு நான்தான் சொன்னேன். வட்டியாவது கட்டலாம்னு பாத்தேன். ரெண்டு மாசமா அதுக்கும் முடியலை."

பூவராகவன் காகிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஒவ்வொரு மாசமும் ஆறாம் தேதி உனக்குச் சோறு போட்டுட்டு, பணம் வந்துதான்னு கேப்பேன். நீ வரலைன்னுவே. சரி, அடுத்த மாசம் சொல்லுவேன்னு நெனைச்சுக்குவேன்."

கடைக்கு நேரமாகிவிட்டது. மடித்த துண்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் பேச்சைப் பொய்யின்னு சொல்ல மாட்டேன்யா. நீ சொன்னது நெசம்தான். என் தம்பி இன்னும் ஒரு பைசா தரலை."