ஒரே ஒரு எதிர்ப்பு

“அடைக்கலசாமி ஐயா இல்லாத கூட்டத்த என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல” என்று கவியா சொன்னதும் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த அடைக்கலசாமி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

அரியலூருக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில், இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மாணவர்கள் கூடிப் பேசுவார்கள். தத்துவம், அரசியல், பொருளாதாரம் என்று ஏதாவது ஒரு தலைப்பு. நடத்துபவர் பேராசிரியர் ஏஞ்சல் மேரி. ‘வெளியாட்களும் வரலாம்’ என்று முதல் அறிவிப்பில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியை நம்பி வந்த ஒரே ஆள் அடைக்கலசாமி.

சிமென்ட் ஆலையில் எடைமேடை கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது, மகள் ஓசூரில் இருக்கிறாள். வரதராஜன்பேட்டையில் ஒரு நாளைக்கு அவர் பேசும் மொத்தப் பேச்சும் பால்காரரோடும் மளிகைக் கடைக்காரரோடும் முடிந்துவிடும். அதனால் ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, வெயிலானாலும் மழையானாலும் வந்துவிடுவார். பேச வாய்ப்புக் கிடைத்தால் லேசில் உட்காரமாட்டார்.

இன்று தலைப்பே அவர்தான் என்று சொல்லலாம். ‘வளாகக் கூட்டத்தில் வெளியாட்களுக்கு இடம் உண்டா?’ முடிவு எதுவோ, அடுத்த கூட்டத்திலிருந்து அதுதான் நடைமுறை. இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. பஸ் வேறு தாமதம். அவர் உள்ளே நுழைந்தபோது ஏஞ்சல் மேரி மாணவர்களிடம் மடித்த சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா, உக்காருங்க. விக்கி, இன்னிக்கு எப்படிப் பேசப் போறோம்னு ஐயாவுக்குச் சொல்லிடுப்பா.”

விக்கி அவர் பக்கம் சாய்ந்தான். “ஐயா, நீங்க சும்மா கேளுங்க. அது போதும்.” போன கூட்டத்தில் ‘முடிச்சுக்கங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று அவரை நடுவில் வெட்டியவன் அவன்தான்.

அதே விக்கி இன்று எழுந்து, “இந்தக் கட்டடம் யாரு பணம்? ஊர் சனத்தோட வரிப்பணம். அவங்கள வாசல்ல நிறுத்த நாம யாரு?” என்று மேசையைத் தட்டினான். அடைக்கலசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. பையன் திருந்திவிட்டான்.

“வெலவாசிய நாம புஸ்தகத்துல படிக்கிறோம். ஐயா முப்பது வருசம் லாரி லோடு எடை போட்டே தெரிஞ்சுக்கிட்டவரு” என்றாள் மஞ்சு. எங்கோ யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சின்னப் பிள்ளைகள், கூச்சம் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பதினாலு பேர் பேசினார்கள். பதினாலு பேரும் அவர் வேண்டும் என்றார்கள்.

கடைசியாக வீரமணி எழுந்தான். அவர் பேசும்போதெல்லாம் தலை நிமிராமல் நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பவன்.

“இது படிக்கிற பசங்களுக்கான கூட்டம். பெரியவங்க நேரத்த எடுத்துக்கிட்டா, பேசக் கூச்சப்படறவன் கடைசி வரைக்கும் கூச்சப்பட்டுக்கிட்டேதான் இருப்பான். வெளியாளு வேணாங்க.” அவர் இருந்த பக்கமே பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான். ஒருவரும் கைதட்டவில்லை.

“நீங்க எழுதிக் குடுத்த சீட்ட எண்ணி, முடிவத் திங்கக்கெழமை பலகையில ஒட்டிடறேன்” என்று ஏஞ்சல் மேரி கூட்டத்தை முடித்தார்.

இனி எண்ண என்ன இருக்கிறது? நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி மகளைக் கூப்பிட்டார். “பாப்பா, இன்னிக்கு என்னப் பத்தியே கூட்டம் போட்டாங்க. பதினாலு பேரு நான் வேணும்னு…”

“அப்பா, ஆபீஸ்ல இருக்கேன். அப்பறம் பேசறேன்.”

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பரவாயில்லை. சொல்வதற்கு இனி நிறைய வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன. அடுத்த தலைப்புக்கு நூலகத்தில் எதை எடுத்துப் படிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.

யாரோ ஓடிவந்து பக்கத்தில் நின்றார்கள். வீரமணி. மூச்சு வாங்கியது.

ஜெயித்தவர் என்ற முறையில் அடைக்கலசாமியே தொடங்கினார். “ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. பதினாலு பேரு என்னத் தூக்கிவச்சுப் பேசுனாங்க, நீ ஒருத்தன் வேணாம்னே. அது உன் அபிப்பிராயம். ஆனா ஒண்ணு கேக்கறேன், நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

வீரமணியின் முகம் வாடிப்போனது.

“விக்கி உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களாய்யா?”

“என்னத்த?”

வீரமணி தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“இன்னிக்கு அவங்கவங்க சீட்டுல எழுதிக் குடுத்ததுக்கு நேர் எதிராப் பேசணும்னு மேடம் சொல்லிட்டாங்கய்யா.”